பதினேழாம் இலக்கப் போத்தல்

மேசையில் வைக்கப்பட்ட பஸ் டிக்கெட்டைச் செசீலியா உடனே தொடவில்லை. அதை வைத்த பெண்ணின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"இது எங்க இருந்தது?"

"அண்ணன்ட சட்டைப் பைக்குள்ள. பொலிசில உடுப்பத் திருப்பித் தந்தாங்க. கழுவப் போடக்குள்ளதான் கண்டன்."

தனுஷியா சித்தாண்டியில் தையல் கடை வைத்திருப்பவள். இரண்டு பஸ் மாறி, புளியந்தீவில் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த இந்த மாடியறையைத் தேடிப் பிடித்து வந்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் பொலிசில் இருந்து, மேலதிகாரி ஒருவரிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த செசீலியா, துப்பறிவாளர் என்று பலகை மாட்டி நாலு வருடமாகிறது. வாசலோரம் முக்காலியில் இருந்த றிஸ்வி காத்தான்குடியில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவன். ரேடியோ கேட்பவர்கள் குறைந்துபோனதால் இப்போது செசீலியாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். கேட்டாலும் கேளாவிட்டாலும் கருத்துச் சொல்கிறான்.

தனுஷியாவின் அண்ணன் உதயரூபன் இறந்து பதினாறு நாள். கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கினால் வரும் பன்வெளி வட்டை என்ற வயல்வெளியில், தன் வயல் வரம்பில் கிடந்தான். பக்கத்தில் புல்லுக்கு அடிக்கிற களைநாசினி எண்ணெய்ப் போத்தல். தானாகக் குடித்தான் என்று எழுதிப் பொலிஸ் கோப்பை மூடிவிட்டது.

"குடிச்சது அவர்தான். அத நான் மறுக்கல்ல," என்றாள் தனுஷியா. "குடிக்க வச்சது ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும்."

"ஆரைச் சந்தேகிக்கிறீங்க?"

"அந்த ஊர் முழுக்க."

றிஸ்வி முனகினான். "முழு ஊரையும் ஏத்த என்ட பைக்கில இடமில்ல."

செசீலியா பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். தனுஷியா சொல்லச் சொல்லக் கதை வரிசைக்கு வந்தது.

பன்வெளி வட்டையில் இரண்டு போகமாகத் தெளிநீர்த் திட்டம் நடக்கிறது. வயல் மருந்து வாவிக்குள் வடிந்து மீனும் நீரும் கெடாமலிருக்க விவசாயிகளுக்குக் கைகொடுக்கிற திட்டம். வாவியோரம் எட்டு மீற்றர் நிலத்தை விதைக்காமல் விட்டுப் பன் புல்லும் கண்ணா மரமும் வளரவிட வேண்டும். புல்லுக்கு எண்ணெய் அடிக்கக் கூடாது. பதிலுக்கு விதைநெல், கூட்டெரு, கையால் தள்ளிப் புல் எடுக்கிற இயந்திரம் எல்லாம் கிடைக்கும். முப்பத்தெட்டு விவசாயிகள் சேர்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் ஒவ்வொருவருடைய வடிச்சல் வாய்க்காலிலும் ஒரு போத்தல் நீர் எடுத்து, கழுத்தில் இலக்கத் துண்டைக் கட்டி, டவுன் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்.

உதயரூபனின் இலக்கம் பதினேழு. ஜனவரியில் மூன்று கிழமை தொடர்ந்து பதினேழாம் போத்தலில் மருந்து இருந்தது.

"முதல் கிழமை சங்கத்துப் போர்டில சிவப்பால பேர் எழுதினாங்க. ரெண்டாம் கிழமை, செத்த மீனெல்லாம் கொண்டுவந்து படலையடியில கொட்டினானுகள். தண்ணிக்கு நஞ்சு வச்சவன் எண்டு கோயிலில விபூதி குடுக்கல்ல. மூணாம் கிழமை வயலுக்குத் தண்ணி போற வாய்க்கால அடைச்சானுகள். வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் வாற நேரம். ஒம்பது நாளில எல்லாம் காஞ்சு சாவியாப் போச்சு. நான் அடிக்கல்ல, நான் அடிக்கல்ல எண்டு ஒவ்வொரு வாசலாப் போய்ச் சொல்லியிருக்கார். ஒருத்தரும் கதவு திறக்கல்ல."

"வாய்க்கால அடைக்கச் சொன்னது ஆர்?"

"சங்கத் தலைவர். கதிர்காமத்தம்பி." தனுஷியாவின் உதடு கோணியது. "அண்ணன்ட மாமனார். மகளுக்குச் சீதனமாக் குடுத்த வயலுக்கு அவரே தண்ணிய மறிச்சார். நீதி எல்லாருக்கும் ஒண்டு எண்டு கூட்டத்தில பேசிக் கைதட்டும் வாங்கினார்."

"உங்கட மச்சாள் ஒண்டும் சொல்லல்லயா?"

"கண்ணகை மச்சாளும் அந்தத் திட்டத்திலதான் சின்ன வேலை பாக்கிறா. அழுதா. வேறென்ன செய்யிற?"

செசீலியா இப்போதுதான் டிக்கெட்டை எடுத்தாள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு. திகதி, அவன் இறந்ததற்கு முந்தின நாள். திருப்பினாள். பின்பக்கத்தில் பேனாவால் ஒரே ஒரு இலக்கம்: 11.2.

"இது மருந்தின்ட அளவா இருக்கும் எண்டு நினைச்சன்," என்றாள் தனுஷியா.

"இருக்கலாம். ஆனா ஊரே ஒதுக்கி வச்ச மனுசன், வெள்ளாமை கருகிக் கிடக்கக்குள்ள, டவுனுக்கு வந்து ஒரு இலக்கத்த எழுதிக்கொண்டு திரும்பிப் போயிருக்கார். உங்கட அண்ணன்ட வயல் எந்தப் பக்கம்?"

"மேட்டில. ரோட்டுக்கு மேலால. குளத்துத் தண்ணி பாயிற வயல்."

செசீலியா எழுந்தாள். "றிஸ்வி, ஆய்வுகூடம்."

"போத்தலத் தேடிப் போறது எனக்கு இதுதான் முதல்தரம் மிஸ். வாப்பா அறிஞ்சா, மவுத்தானவர் குழிக்குள்ளால எழும்பி வருவார்."

ஆய்வுகூடத்தில் இருந்த டினுஷாவுக்கு உதயரூபனை நன்றாக ஞாபகமிருந்தது.

"செருப்பக் கழட்டி வெளியில வச்சிட்டு உள்ளுக்கு வந்தார். கோயிலுக்குள்ள வாற மாதிரி. பதினேழாம் இலக்கத்தின்ட ரிப்போட்டக் காட்டேலுமா எண்டு கேட்டார். சண்டைக்கு வந்திருக்கார் எண்டுதான் நான் நினைச்சன். சத்தமே போடல்ல."

"என்ன பார்த்தார்?"

"எல்லாரும் மருந்து எண்டிருக்கிற பெட்டியத்தான் பாப்பாங்க. அவர் மற்றப் பெட்டிகளையும் விரல வச்சு, இது என்ன, இது என்ன எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். கடைசிப் பெட்டி உப்பு எண்டன். கடல் தண்ணி முப்பத்தஞ்சு, நல்ல தண்ணி சைபர், அதுக்கு நடுவில உங்கட போத்தல் பதினொண்டு தசம் ரெண்டு எண்டு சொன்னன். உடனே டிக்கெட்டில எழுதினார்."

டினுஷா கோப்பைத் திருப்பிக் காட்டினாள். மூன்று கிழமையும் பதினேழாம் போத்தலின் உப்பு பதினொன்றை ஒட்டியே நின்றது.

றிஸ்வி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நவம்பரில முகத்துவாரம் வெட்டினாங்க. கடல் வாவிக்குள்ள வந்திட்டு. வாவியோர வடிச்சலில உப்பு இரிக்கும், சரி. ஆனா உதயரூபன்ட வயல் ரோட்டுக்கு மேலால. அந்த மேட்டில ஏறிப் போக உப்புத் தண்ணிக்குக் காலா முளைச்சிரிக்கி?"

"முளைக்கல்ல," என்றாள் செசீலியா. "பதினேழு எண்டு துண்டு கட்டின போத்தலுக்குள்ள இருந்தது அவர்ட வயல் தண்ணியே இல்ல. இந்த உப்ப ஒருத்தரும் கவனிக்கல்லயா?"

டினுஷாவின் முகம் சிவந்தது. "எங்களுக்கு இலக்கம் மட்டுந்தான் தெரியும் மிஸ். எந்த வயல் மேடு, எந்த வயல் பள்ளம் எண்டு தெரியா. திட்டத்து ஆக்களும் மருந்துப் பெட்டிய மட்டுந்தான் கேப்பாங்க."

"அவர் பிறகு என்ன செய்தார்?"

"மற்ற முப்பத்தேழு ரிப்போட்டையும் கேட்டார். வாசிச்சு வாசிச்சு வந்து நாலாம் இலக்கத்தில நிண்டிட்டார். அதில உப்பு சைபர் தசம் ரெண்டு. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நிண்டார். பிறகு, துண்டு கட்டுறது நீங்களா எண்டு கேட்டார். இல்ல, அங்கயிருந்து கட்டித்தான் வரும் எண்டன்."

"பிறகு?"

"ஒண்டும் கேக்கல்ல. ரெண்டு ரிப்போட்டையும் போட்டோக் கொப்பி எடுத்துத் தரவா எண்டு நான்தான் கேட்டன். எடுத்தும் குடுத்தன். வேணாம் தங்கச்சி எண்டு மேசையிலயே வச்சிட்டுப் போனார்."

மேசை லாச்சிக்குள் அந்த இரண்டு தாள்களும் இன்னும் கிடந்தன. செசீலியா அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நாலாம் இலக்கம் ஆர்?"

டினுஷா பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினாள். "கதிர்காமத்தம்பி. அடைப்புக்குள்ள, முன்மாதிரி விவசாயி எண்டு போட்டிருக்கு."

மண்முனைப் பாலத்தைத் தாண்டும்போது காற்று றிஸ்வியின் சொற்களைப் பின்னால் கொண்டுவந்து போட்டது. "மிஸ், மருமகன் மாமனுக்குச் சோறு போடுறதக் கண்டிரிக்கன். மருமகன்ட பேரில மாமன் நஞ்சு போடுறத இப்பதான் காணுறன்."

"போட்டது மாமனா எண்டு இன்னும் தெரியா."

கதிர்காமத்தம்பியின் வயல் வாவியோடு ஒட்டியிருந்தது. அறுவடைக்கு நின்ற வெள்ளாமை ஒரே மட்டமாக, ஒரு கோரைப் புல் தலைகாட்டாமல், வாரி விட்டாற் போல மஞ்சளாகக் கிடந்தது. கரையில் திட்டத்தின் பெயர்ப்பலகை. எட்டு மீற்றர் பன்னுக்குள் கொக்குகள் நடந்தன. செசீலியா வடிச்சலில் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"எப்பிடி மிஸ்?"

"கடல்."

கதிர்காமத்தம்பி வரம்போரக் குடிசையான வாடியிலிருந்து வந்தார். அறுபத்தேழு வயது. வலது முழங்காலில் துணி சுற்றியிருந்தது, கையில் ஊன்றுதடி. மருமகன் செத்துப் பதினாறு நாளான துக்கம் முகத்தில் இருந்தது. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்த அளவில் இருந்தது.

"என்ன செய்யிற மகள்? நல்ல பொடியன். புத்தி கெட்டுப் போச்சு. என்ட கையால வாய்க்கால மறிக்க வேண்டி வந்திட்டு. தலைவர் எண்டு இருந்தா மனசக் கல்லாக்கத்தானே வேணும்?"

"முழங்கால் எவ்வளவு காலமா ஐயா?"

"ரெண்டு வருசம். சேத்துக்குள்ள இறங்கேலா."

"வெள்ளாமைக்குள்ள ஒரு புல்லுமில்ல. ஆர் எடுத்த?"

"மெசின் தந்திருக்காங்களே. அதாலதான்."

"பாக்கலாமா?"

வாடிக்குள் மூலையில் சாய்த்து வைத்திருந்தது இயந்திரம். பல் வைத்த இரண்டு இரும்புச் சில்லு. செசீலியா குந்தியிருந்து ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். ஒரு போகம் சேற்றில் உருண்ட இரும்பு தேய்ந்து வெள்ளையாகியிருக்க வேண்டும். இதில் தொழிற்சாலையில் பூசிய பச்சை மை பல் நுனிவரை அப்படியே இருந்தது.

றிஸ்வியும் குனிந்தான். "எங்கட வீட்டுக் கலியாணப் பீங்கான் கூட இவ்வளவு புதுசா இல்ல மிஸ்."

கதிர்காமத்தம்பியின் ஊன்றுதடி மண்ணில் ஒருமுறை குத்தியது. செசீலியா இரண்டு தாள்களையும் நீட்டினாள். சுருக்கமாகச் சொன்னாள். நாலாம் போத்தலில் மேட்டு வயல் தண்ணீர். பதினேழாம் போத்தலில் இந்த வடிச்சல் தண்ணீர். எண்ணெய் அடித்தது இந்த வயலில். செத்தது அந்த வயல்காரன்.

கிழவர் வாவியைப் பார்த்தார். மறுக்கப் போகிறார், கத்தப் போகிறார் என்று றிஸ்வி இரண்டு அடி பின்வாங்கி நின்றான். அவர் கத்தவில்லை.

"நான் ஒரு போத்தலும் தொட்டதில்ல," என்றார். "தொட்ட ஆளைப் போய்க் கேளுங்க."

"ஆர் அது?"

"திட்டத்தால போத்தல் எடுக்கப் போட்ட ஆள். தண்ணி எடுக்கிறதும் அவதான், துண்டு கட்டுறதும் அவதான்." வழி கேட்டவனுக்குச் சந்தியைக் காட்டுவதுபோலத் தடியை ஊர்ப்பக்கம் நீட்டினார். "என்ட மகள். கண்ணகை."

வரம்பில் திரும்பி நடந்து வந்தார்கள். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே றிஸ்வி சொன்னான். "எங்கட ஊரில ஒருத்தன் திருடின சைக்கிளத் திருப்பித் தர மூணு நாள் எடுத்தான் மிஸ். இவர் மகளத் தந்த வேகம்!"

கண்ணகை கிணற்றடியில் நீலக் கூடையை வைத்துப் போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். யாரென்று செசீலியா சொன்னதும், ஈரக் கையை உதறிவிட்டு அப்படியே நின்றாள். தாள்களைக் காட்டத் தேவையே வரவில்லை.

"எப்ப வருவாங்க, எப்ப வருவாங்க எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தன்," என்றாள்.

"ஏன் மாத்தினீங்க?"

"அப்பா கெஞ்சினார். வெளிநாட்டாக்கள் அவர்ட வயலப் பாக்க வந்த கிழமை. முழங்காலோட புல்லெடுக்க ஏலாம எண்ணெய் அடிச்சிட்டன், இந்தக் கிழமை மட்டும் துண்ட மாத்திக் கட்டு, உன்ட மனுசனுக்கு முதல்தரம், வெறும் எச்சரிக்கைதான் வரும் எண்டார். எச்சரிக்கைதானே எண்டு கட்டினன்."

"அடுத்த கிழமை?"

"எண்ணெய் ஒரு கிழமையில போகல்ல. துண்டச் சரியாக் கட்டினா, ஏன் திடீரெண்டு அப்பாட வயலில வருது எண்டு தேடுவாங்க, முதல் கிழமை நீ செஞ்சதும் வெளிய வரும் எண்டார். ரெண்டாந்தரம் கட்டினன். மூணாந்தரம் ஏலா எண்டு அழுதன். அப்ப உன்ட மனுசனிட்ட நானே சொல்லுறன், ஆர் கட்டினது எண்டு சொல்லுறன் எண்டார்." அவள் குரல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. "வாய்க்கால அடைப்பாங்க எண்டு எனக்குச் சொல்லல்ல."

"அடைக்கக் கையெழுத்துப் போட்டதே அவர்தான்."

"ஓம்."

"செத்த மீனக் கொண்டுவந்து கொட்டக்குள்ளயும் நீங்க வாய் திறக்கல்ல."

"நான்தான் கூட்டி அள்ளிக் கொண்டுபோய்ப் புதைச்சன். ஒவ்வொரு நாளும்."

கிணற்றுக் கப்பியில் ஒரு காகம் வந்திருந்து போனது. கண்ணகை செசீலியாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அதுவரை அவளிடம் இல்லாத ஒரு பயம் இப்போது வந்திருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

செசீலியா பதில் சொல்லுமுன் றிஸ்வி முந்திக்கொண்டான். "இல்ல தங்கச்சி. அவருக்கு ஒண்டும் தெரியா. ஊர்க் கதை தாங்கேலாமத்தான்..."

செசீலியா பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கண்ணகையின் ஈரக் கையில் வைத்தாள்.

"செத்ததுக்கு முந்தின நாள் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கார். பதினேழையும் நாலையும் பார்த்திருக்கார். துண்டு கட்டுறது ஆரெண்டு கேட்டிருக்கார். தெரியும்."

கண்ணகை டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். கணவனின் எழுத்து. மை ஈரத்தில் ஊறிப் பரவத் தொடங்கியது.

"அண்டைக்குப் பின்னேரம் டவுனால வந்தார்," என்றாள் மெதுவாக. "மணலை மீன் கறி வச்சிருந்தன். சாப்பிடக்குள்ள, உப்புக் காணுமா, இன்னும் போடவா எண்டு கேட்டன். காணும் கண்ணகை, இனிக் காணும் எண்டார். என்ட தலையத் தடவினார். கல்யாணத்துக்குப் பிறகு அப்பிடித் தடவினதே இல்ல. கோவம் ஆறிட்டு எண்டு நினைச்சுச் சந்தோசமாப் படுத்தன்."

அவள் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தாள். அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீனுக்குப் போல.

படலைக்கு வெளியே வந்ததும் றிஸ்வி நின்றுவிட்டான். "ஒரு பொய் சொல்லியிருக்கலாம் மிஸ். ஒண்டே ஒண்டு."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல்ல?"

"கேட்டாளே," என்றாள் செசீலியா. மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். தனுஷியாவைச் செசீலியா அரை மணிநேரம் முன்னதாகவே வரச்சொல்லி, கட்டடத்துக்கு வெளியே வாகை மரத்தடியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னொண்டும் இருக்கு. அத யோசிச்சிட்டு முடிவெடுங்க. நிரூபிக்கத் தேவையான ரெண்டு கடதாசியும் உங்கட அண்ணன்ட கையில இருந்தது. மேசையில வச்சிட்டு வந்திட்டார். கொண்டுவந்திருந்தா அண்டைக்கே அவர்ட பேர் போர்டில இருந்து அழிஞ்சிருக்கும். அந்த இடத்தில அவர்ட பெண்சாதிட பேர் ஏறியிருக்கும்."

தனுஷியா அசையாமல் நின்றாள். "அப்ப அண்ணன் மச்சாளுக்காகவா செத்தவர்?"

"அப்பிடித்தான் நான் விளங்குறன்."

"அவ செஞ்சதத் தெரிஞ்சுகொண்டு?"

"தெரிஞ்சுகொண்டு."

தனுஷியா கையை நீட்டினாள். "அந்தக் கடதாசியத் தாங்க. அவர் அவக்கு மனுசன். மறைச்சார். எனக்கு அவர் அண்ணன். நஞ்சு வச்சவன்ட தங்கச்சி எண்டு நான் ஏன் சாகும்வரைக்கும் கேக்க வேணும்?"

உள்ளே எழுபது பேர் இருந்தார்கள். சுவரில் கறுப்புப் பலகை. அதில் உதயரூபனின் பெயர் இன்னும் சிவப்பில் இருந்தது. செத்தவன் என்று யாரும் அழிக்கவில்லை. திட்டத்தின் கள உத்தியோகத்தர் சுஜீவன் முன்வரிசையில் இருந்தான். கண்ணகை பெண்கள் பக்கம், கடைசி வாங்கில்.

தனுஷியா தாள்களைச் சுஜீவனின் மடியில் போட்டாள். செசீலியா எழுந்து உப்புக் கணக்கை விளங்கப்படுத்தினாள். ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. வாவியோரம் பிறந்து வளர்ந்த சனத்துக்கு எந்த வடிச்சலில் எந்தத் தண்ணீர் வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு எல்லாத் தலையும் தலைவர் இருந்த மேசைப் பக்கம் திரும்பியது.

கதிர்காமத்தம்பியின் முகம் முதல்தடவையாக வெளிறியது. மகளைக் காட்டிக்கொடுத்தால் தான் தப்பலாம் என்று நினைத்திருந்தவருக்கு, போத்தலுக்குள் இருந்த தண்ணீர் தன் வயல் தண்ணீர் என்று ஊரே விளங்கிக்கொள்ளும் என்று தோன்றியிருக்கவில்லை.

"தலைவரே, எழும்பிப் பதில் சொல்லுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

எழும்பியது கண்ணகை.

"அப்பாட தண்ணி இல்ல அது," என்றாள். "நான்தான் செஞ்ச. எல்லாம் நான்தான்."

சத்தம் அறுந்தது.

"எனக்கும் அவருக்கும் மனஸ்தாபம். எங்கட வயல் தண்ணி நல்ல தண்ணி எண்டு தெரியும், அத நாலாம் போத்தலில அடைச்சன். பதினேழாம் போத்தலுக்கு வாவியோரத்தில அள்ளி, அதுக்குள்ள எண்ணெயையும் ஊத்தினன். மூணு கிழமையும் அப்பிடித்தான். அப்பா எண்ணெய் அடிக்கல்ல. என்ட மனுசனும் அடிக்கல்ல."

செசீலியா திகைத்துப் போனாள். பொய், ஒவ்வொரு சொல்லும் பொய். ஆனால் தாளில் இருந்த ஒவ்வொரு இலக்கத்துக்கும் அந்தப் பொய் பொருந்தியது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் உப்பு சொல்லும். எண்ணெயை ஊற்றிய கை யாருடையது என்று அது சொல்லாது. கிணற்றடியில் கேட்ட வாக்குமூலத்தையும் சொன்னவளே மறுத்துவிட்டாள்.

"இல்ல," என்றாள் செசீலியா. "தலைவர்ட வாடியில இருக்கிற மெசினப் போய்ப் பாருங்க. ஒரு பல்லும் சேறு காணல்ல. புல்ல வேற எப்பிடி எடுத்தார்?"

கதிர்காமத்தம்பிக்கு நிறம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார். "கழுவி, மையடிச்சு வச்சிருக்கன். தந்த சாமானக் கவனமா வச்சிருக்கிறதும் குத்தமா மகள்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். சுஜீவன் தாள்களை மடித்துக்கொண்டே எழுந்தான். அவன் குரலில் ஆறுதல் தெரிந்தது. திட்டத்தின் முன்மாதிரி விவசாயி தப்பிவிட்டார். "வயலெல்லாம் அறுவடைக்கு நிக்குது, இனித் தண்ணி எடுத்துப் பாத்தும் மருந்து காட்டாது. அவவே ஒத்துக்கொள்ளுறா. ரிப்போட்டும் அவ சொல்லுறதோட ஒத்துப்போகுது. நாங்க வேறென்ன செய்யிற?"

"கேட்டவன் கேளாதவன் எல்லாரிட்டயும் நான் பகிடி விடுறன்," என்று றிஸ்வி செசீலியாவின் காதருகே சொன்னான். "இதுக்கு ஒண்டும் வருகுதில்ல மிஸ்."

கதிர்காமத்தம்பி தடியை ஊன்றிப் பலகைக்குப் போனார். உதயரூபன் என்ற பெயரைத் துணியால் அழித்தார். ஈரம் காயும்வரை பொறுத்து நின்றார். பிறகு சிவப்புச் சோக்கை எடுத்து, மகளின் பெயரை எழுதினார். ஒற்றின் புள்ளியைக்கூட மறக்காமல் வைத்தார்.

பெண்கள் பக்கத்தில் கண்ணகைக்கு அருகே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பி வேறு வாங்குக்கு மாறினார்கள். ஒருத்தி போகிற போக்கில் அவள் காலடியில் துப்பினாள். கண்ணகை எழுந்து வாசலுக்கு நடந்தாள். அங்கே தனுஷியா நின்றாள். கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் முகம் கிடைத்தவளின் முகமாக இருக்கவில்லை.

"பொய்தானே சொன்ன, மச்சாள்?"

"உனக்கு உன்ட அண்ணன்ட பேர் அழிய வேணும். அழிஞ்சிட்டு."

"உன்ட அப்பா உன்னக் காட்டிக் குடுத்தவர். இவங்க போய்க் கேட்ட முதல் நாளே. அது தெரியுமா உனக்கு?"

கண்ணகை ஒரு கணம் நின்றாள். அது தெரிந்திருக்கவில்லை என்பது அவள் கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பலகையைப் பார்த்தாள், அதன் முன்னால் நின்ற முதுகைப் பார்த்தாள்.

"என்ட மனுசன் எனக்குச் செஞ்சத நான் ஒருத்தருக்காவது செய்ய வேணும்தானே," என்றாள். "எனக்கு மிச்சம் இருக்கிறது அந்தாள் ஒருத்தர்தான்."

வெயிலுக்குள் இறங்கி நடந்தாள். ரோட்டில் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனார்கள்.

உள்ளே கதிர்காமத்தம்பி சோக்கை வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்தார். கதிரையில் இருந்து, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கிச் சரிப்படுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி," என்றார். "அடுத்தது விதைநெல் விசயம்."

கூட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.